மீதியை அனுப்பு

மார்க்கர் பேனாவின் மூடியைத் தயாபரன் பல்லால் கடித்துத் திறந்தார். அதுவரைக்கும் இசக்கியம்மாளுக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்தது, இது வேறு யாரோ தயாபரனாக இருக்கலாம் என்று. ரெஸ்யூமேயில் அதே பெயர், அதே பழைய கம்பெனி, ஓரத்தில் போட்டோ எல்லாம் இருந்தன. ஆனாலும் இந்தக் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்த ஆளுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது, சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நின்றது, "குட் மார்னிங் மேடம்" என்று எழுந்து நின்று சொல்லும் பணிவு வேறு. அந்தப் பணிவுதான் அவளைக் குழப்பியது. அவளுக்குத் தெரிந்த தயாபரன் யாருக்காகவும் எழுந்திருக்கிறவர் இல்லை. இப்போது அந்தப் பல், அந்தக் கடி, மூடியைத் துப்புகிற மாதிரி உள்ளங்கையில் எடுத்துக்கொள்கிற விதம். ஆள் அவர்தான். நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். பயமா? சீ, பயப்பட வேண்டியவள் நானா? மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நான். இந்த நான்காம் மாடி, இந்த அறை, கீழே ஓ.எம்.ஆர் சாலையில் ஹார்ன் அடித்துக்கொண்டு நகரும் வண்டிகள் கண்ணாடிக்குள் சத்தமில்லாமல் போவது, எல்லாமே இன்று என் பக்கம். எச்.ஆர். ரெஹானா இவரைக் கொண்டுவந்து விட்டபோது, "இவங்க எங்க பிரின்சிபல் இன்ஜினியர், டெக்னிக்கல் ரவுண்ட் இவங்கதான் எடுப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று இவள் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை, அது தானாக அமைந்தது. ஆனால் மற்றதெல்லாம் இவளாக அமைத்துக்கொண்டதுதான். இந்த ரெஸ்யூமேயை வேறு யாருக்காவது தள்ளியிருக்கலாம், தெரிந்தவர், நான் எடுத்தால் சரியாக இருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நான் எடுக்கிறேன்" என்றாள். சொன்னபோது நாக்கில் எச்சில் ஊறியது, அதை விழுங்கவும் செய்தாள்.

கேள்வியை அவள் ஒரு வாரமாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்தாள். குளிக்கும்போது, ஷேர் ஆட்டோவில், தோசை திருப்பும்போது. சிக்கலான கேள்வி வேண்டாம், கல்லூரிப் பிள்ளையும் விழக்கூடிய எளிய குழி போதும். "சார்" என்றாள். சே, சார் என்று ஏன் வருகிறது வாயில்? "ஒரு மெஷின்லேர்ந்து இன்னொரு மெஷினுக்கு சாக்கெட் வழியா மெசேஜ் அனுப்பணும். ஆயிரம் பைட். செண்ட் கூப்பிடுறீங்க. அது எரர் ஒண்ணும் சொல்லல. அறுநூறுன்னு ஒரு நம்பரத் திருப்பிக் குடுக்குது. அடுத்து என்ன பண்ணுவீங்க? போர்டுல எழுதுங்க." அவ்வளவுதான் கேள்வி. சாக்கெட் என்பது இரண்டு மெஷினுக்கு நடுவிலுள்ள பாதை, செண்ட் என்பது அதில் அனுப்பச் சொல்லும் கட்டளை, கூரியர் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. பத்து மூட்டை கொடுத்தால், இடம் இருக்கிற அளவுக்கு ஆறு மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு வாங்கினேன் என்று சொல்லும், பாக்கி நாலும் உன் கையிலேயே இருக்கும். பெரும்பாலும் இடம் இருக்கும், பத்தையும் வாங்கிக்கொள்ளும், அதனால் எத்தனை வாங்கினாய் என்று கேட்கிற பழக்கமே ஆட்களுக்கு விட்டுப்போகும். கூட்டம் நெரிகிற நாளில்தான் அது தெரியவரும். தயாபரன் போர்டைப் பார்த்து நின்றார். முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தது. விழு, என்று இசக்கி மனசுக்குள் சொன்னாள். எழுத முடியாமல் நில்லு.

கிண்டியில் அந்தப் பழைய ஆபீசில், ஏசி தண்ணீர் சொட்டுகிற மூலைச் சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள், இவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அந்த வாசனை தலைக்கு மேலிருந்து இறங்கும், திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர் அது. நோயாளி படுக்கைக்குப் பக்கத்திலிருக்கிற மானிட்டர், நாடித்துடிப்பு இறங்கினால் நர்ஸ் மேஜைக்குச் செய்தி அனுப்பும், பெயர், வார்டு, படுக்கை எண். அனுப்புகிற பகுதியை எழுதியவள் இசக்கி. மொத்தமும் போய்ச் சேருகிறவரை திரும்பத் திரும்ப மீதியை அனுப்புகிற ஒரு வளையம், ஏழெட்டு வரி. எழுதி முடித்த அன்று சந்தோஷத்தில் அவள் டீக்கடையில் இரண்டு டீ குடித்தாள், அந்த ஏலக்காய் வாசனை இப்போதுகூட வருகிறது, எதற்கு வருகிறது இப்போது? "ஈஷா, இத எடு" என்றார் பின்னாலிருந்து. ஈஷா அவர் வைத்த பெயர். வெளிநாட்டுக்காரன் வாயில் இசக்கியம்மாள் நுழையாதாம், முதல் நாளே மாற்றிவிட்டார், அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன் கன்னத்திலேயே ஒன்று விடலாம் போலிருக்கிறது. "நெட்வொர்க் ஸ்லோ ஆனா இந்த லூப்ல சிக்கி ஸ்க்ரீன் நிக்குது. டெமோல அசிங்கமா இருக்கு. எடு." "சார், இல்லன்னா சில நேரம் பாதிதான் சார் போகும்." "பாதி எங்கம்மா போகும்? போனா முழுசா போகும். இல்லன்னா போகவே போகாது. எடு எடு." அவள் எடுத்தாள். அவள் விரல்தான் அந்த வரிகளின் மேல் ஓடியது, அவள் விரல்தான் அழிக்கும் பொத்தானை அழுத்தியது. கிராம்பு வாசனை நகர்ந்து போனது. அவர் விரல் எதன் மேலும் படவில்லை, யோசித்தால் அது எவ்வளவு சுத்தமான வேலை!

போர்டில் கிறீச் கிறீச்சென்று சத்தம். தயாபரன் எழுதிக்கொண்டிருந்தார், தயங்காமல். மொத்தம் எவ்வளவு, போனது எவ்வளவு, மீதி இருக்கிற வரைக்கும் சுற்று, போன இடத்திலிருந்து தொடங்கி மீதியை மட்டும் அனுப்பு. நடுவில் இடைஞ்சல் வந்தால் திரும்ப முயற்சி செய். அவராகவே ஒரு படி மேலே போய், "செண்ட் ஓகே சொன்னாலும் நம்ம சிஸ்டம் வாங்கி வச்சுக்கிச்சுன்னுதான் மேடம் அர்த்தம். எதிர்பக்கம் படிச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. அதுக்குத் தனியா பதில் வாங்கணும். அதே மாதிரி வாங்குற பக்கமும் ஒரே தடவையில முழுசா வரும்னு நம்பக்கூடாது. முதல்ல நீளத்த அனுப்பிட்டு அப்புறம் மெசேஜ அனுப்பினாதான், முழுசா வந்துச்சான்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார். எல்லாம் சரி. ஒரு குறை இல்லை. இசக்கிக்கு முகம் சூடேறியது. இது அவள் எதிர்பார்த்ததே இல்லை. அவர் தெரியாமல் முழிப்பார், அவள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள், அந்த மௌனம் நீளும், இப்படித்தான் அவள் குளிக்கிற ஒவ்வொரு காலையிலும் நடந்தது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது? அன்றைக்கே தெரியுமா? தெரிந்துகொண்டேதான் எடுக்கச் சொன்னாரா? இல்லை, என்னைத் தொலைத்துவிட்டு அதிலிருந்து கற்றுக்கொண்டாரா? இரண்டில் எது மோசம்? அவள் பேனாவை மூடித் திறந்து மூடினாள். பார், போர்டில் எழுதி வைத்திருக்கிறார், என் ஏழெட்டு வரியை, கிட்டத்தட்ட எழுத்து மாறாமல். திருடன் திருடிய நகையைப் போட்டுக்கொண்டு பறிகொடுத்தவள் வீட்டுக்கே விருந்துக்கு வந்த மாதிரி.

மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் அது நடந்தது. கூட்டம் நெரிந்த ஒரு நாள், நூற்றுப்பதினாலாம் படுக்கையிலிருந்து கிளம்பிய செய்தி 114-இன் கடைசி இலக்கம் விழுந்து, வெறும் 11 என்று போய்ச் சேர்ந்தது. நர்ஸ் பதினொன்றாம் படுக்கைக்கு ஓடினாள். அங்கே ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நூற்றுப்பதினாலில் இருந்தது ஒரு பெரியவர், பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களோடு ஸ்பீக்கர் போனில் மீட்டிங். சுற்றி உட்கார்ந்து அவள் உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, தயாபரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, "இந்தப் பகுதிய எழுதினது இசக்கியம்மாள்னு ஒரு ஜூனியர். சரியா செக் பண்ணாம விட்டுட்டாங்க. அவங்கள எடுத்துட்டோம்" என்றார். எடுத்துட்டோம். அவளுக்கு அந்த நிமிஷம்தான் வேலை போனதே தெரியும். அதைவிட, அந்தப் பெயர். அவருக்கு அந்தப் பெயர் சொல்ல வருகிறது! ஒரு எழுத்துப் பிசகாமல், ம்மாள் என்று அழுத்தி. அதற்கப்புறம் எங்கே போனாலும், ஓ, அந்த ஆஸ்பத்திரி கேஸா என்றார்கள். மறுபடி சென்னைக்கு வந்து இந்த நாற்காலியைப் பிடிக்கிறதுக்கு முன்னால் சில வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தாள். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ஏட்டி, நீ நெசமாவே ஒண்ணும் பண்ணலியே?" என்று கேட்டாள் ஒரு நாள். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, கையைப் பார்த்தாள். விரல் என்னுடையது. அவர் சொன்னார், அழுத்தியது யார்? மாட்டேன் என்று சொல்லியிருந்தால்? எழுந்து போயிருந்தால்? சில ராத்திரி அவர் அப்படிச் சொல்லவே இல்லையோ, நானாக எடுத்துவிட்டு அவர் மேல் போடுகிறேனோ என்றுகூடத் தோன்றும், கிராம்பு வாசனையை நானே உண்டாக்கிக்கொண்டேனோ என்று. ஒரு மனுஷியைத் தன் மூளையையே நம்பாமல் ஆக்குவது. அதற்கு என்ன தண்டனை? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"மேடம்?" தயாபரன் மார்க்கரை மூடி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "உட்காருங்க. சரியா இருக்கு" என்றாள். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வரட்டும். "வேலையில எப்பவாச்சும் இந்தப் பிரச்னைய நேர்ல பார்த்திருக்கீங்களா?" இந்தக் கேள்வி அவள் உருட்டி வைத்ததில் இல்லை, வாய் தானாகக் கேட்டது. அவர் உற்சாகமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பார்த்திருக்கேன் மேடம். ஹெல்த்கேர் ப்ராஜெக்ட் ஒண்ணு. ஒரு ஜூனியர் பொண்ணு, பாவம், புதுசு, இந்த லூப்ப விட்டுட்டா. ஒரு ஆஸ்பத்திரில பெரிய இஷ்யூ ஆயிடுச்சு. நான்தான் உட்கார்ந்து ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சு சரி பண்ணினேன். அப்பலேர்ந்து என் டீம்ல யாரு வந்தாலும் முதல்ல இதத்தான் சொல்லிக்குடுப்பேன்." பொய் சொல்கிறவனுக்குக் கண் ஓரத்தில் ஒரு அசைவு இருக்கும் என்பார்கள். இவர் கண் அசையவில்லை. எத்தனை இன்டர்வியூவில் சொல்லியிருப்பார் இதை, எத்தனை தடவை சொல்லிச் சொல்லி அவருக்கே உண்மையாகிவிட்டது. நான் அங்கே ராத்திரி ராத்திரியாக விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் இங்கே இதை வைத்துப் பாடம் எடுத்திருக்கிறார். பாவம் என்கிறார் என்னை. அவளுக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல், கோயில் கொட்டு தூரத்தில் கேட்கிற மாதிரி. எழுந்து அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தில் ஊற்றலாம். வேண்டாம். மெதுவாக. "அந்தப் பொண்ணு பேர் என்ன சார்?" "பேரா? ஈஷான்னு கூப்பிடுவோம். முழுப்பேரு... ஏதோ சாமி பேரு. திருநெல்வேலிப் பக்கம்." "இசக்கியம்மாள்" என்றாள் அவள்.

அவர் "ஆமா ஆமா, கரெக்ட்" என்று தலையாட்டினார். தலை ஆடிக்கொண்டே இருந்து, பாதியில் நின்றது. அவளுடைய நெற்றியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார், வெட்டிவிட்ட முடியைப் பார்த்தார். அந்த ஒரு நொடி. இதற்காகத்தான் அவள் வந்திருந்தாள், ஊறிய எச்சிலெல்லாம் இதற்குத்தான். பார், நன்றாகப் பார். அவர் உதடு அசைந்து, வெளியே வந்தது இதுதான்: "நல்லா இருக்கியாம்மா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கேன் சார்." "வயசான காலத்துல... வீட்ல பொண்ணு காலேஜ் படிக்குது. பழைய கம்பெனில எங்க டீமையே எடுத்துட்டாங்க. ஏழெட்டு மாசமா..." என்று தொடங்கி, கைக்குட்டையை எடுத்து மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏதாவது மனசுல வச்சுக்கிட்டு..." இசக்கி எழுந்து போய்க் கதவைத் திறந்து, "ரெஹானா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்" என்றாள். ரெஹானா லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். "சார் இப்ப ஒரு ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட் பத்திச் சொன்னாரு. அத உங்ககிட்டயும் சொல்லணும். நடந்தது நடந்த மாதிரி." தயாபரன் அவளைப் பார்த்தார். சொன்னால்? என்று கேட்டது அந்தப் பார்வை. இசக்கி பதில் சொல்லவில்லை. சொன்னால் வேலை உண்டு என்று அவர் அந்த மௌனத்தை எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தாள்.

"அது வந்து" என்றார் தயாபரன், "ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப். டீம்ல சில பேருக்கு சில விஷயம் தெளிவா போய்ச் சேரல." நிறுத்தினார். "மீதியச் சொல்லுங்க சார்" என்றாள் இசக்கி. "ஒரு லூப் இருந்துச்சு. அத எடுக்க வேண்டியதாப் போச்சு. டெமோ ப்ரெஷர்." "யாரு எடுக்கச் சொன்னது?" "டீமா சேர்ந்து..." "மீதி, சார்." ரெஹானா ஒன்றும் புரியாமல் இவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தயாபரன் மார்க்கரை எடுத்து, திரும்ப மேஜையில் வைத்தார். "நான்தான் எடுக்கச் சொன்னேன்." "அவ என்ன சொன்னா?" "வேண்டாம்னு சொன்னா. பாதிதான் போகும்னு சொன்னா." "அப்புறம்?" "எடுத்துட்டா." "எதனால எடுத்தா?" "நான் சொன்னதால." "ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவதான் தப்பு பண்ணினான்னு நான் சொன்னேன். அவ பண்ணல." குரல் கடைசியில் ஒரு சின்னப் பையன் குரல் மாதிரி மெலிந்திருந்தது. இசக்கி தன் கையைப் பார்த்தாள். மேஜை மேல் சும்மா கிடந்தது, ஐந்து விரல், நகத்தோரம் காலையில் அரைத்த மஞ்சள். அப்புறம் ரெஹானாதான், தயங்கித் தயங்கி, "அந்த பேஷண்டுக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள். தயாபரன் போர்டைப் பார்த்தார். "தெரியல" என்றார். "உயிர் இருந்துச்சு. பேச்சு போயிடுச்சு" என்றாள் இசக்கி. சொல்லும்போதே சுருக்கென்றது. இத்தனை நேரம் அவள் அதைக் கேட்கவே இல்லை. தன் பெயரைத்தான் கேட்டாள், தன் கையைத்தான் கழுவிக்கொண்டாள், அந்த டிரைவருக்காக ஒரு கேள்வி இந்த அறையில் அவளிடமிருந்து வரவில்லை. அந்த நினைப்பு வந்து நின்றது. ஆனாலும் அதற்காக அவள் கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

"இப்போ?" என்று கேட்டார் தயாபரன், பையை மடியில் வைத்துக்கொண்டு. "ரெஹானா மெயில் அனுப்புவாங்க சார்." அவர் வாசல் வரை போய்த் திரும்பி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை. தன் லேப்டாப்பில் நேர்காணல் மதிப்பீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். விஷய ஞானம் என்ற இடத்தில், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார், அதற்கு மேலும் சொன்னார் என்று அடித்தாள். விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. தெரியாது என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? போர்டை அழித்தால் ஆயிற்று. அவர் செய்தது அதைத்தானே. அடித்ததை அப்படியே விட்டாள். வேலைக்கு எடுக்கலாமா என்ற இடத்தில், வேண்டாம். காரணம்: தன் தவறை அடுத்தவர் மேல் போட்டு, அதை இந்த நேர்காணலிலும் தன் சாதனையாகச் சொன்னார். கீழே தன் முழுப்பெயர், இசக்கியம்மாள். பின்னாலிருந்து படித்த ரெஹானா, "ஆனா மேடம், கடைசில உண்மைய ஒத்துக்கிட்டாரே?" என்றாள். "ஒத்துக்கிட்டாரு." "அப்போ?" "நான் யாருன்னு தெரிஞ்சப்புறம்தானே ஒத்துக்கிட்டாரு. தெரியாதவங்களா இருந்தா?" ரெஹானா யோசித்தாள். "அந்த ஜூனியர் நீங்களா மேடம்?" என்றாள் மெதுவாக. இசக்கி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

ரெஹானா போன பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கீழே பஸ் ஸ்டாப்பில், வெயிலில், தயாபரன் நின்றுகொண்டிருந்தார். ஷர்ட்டை வெளியே எடுத்து விட்டிருந்தார். காதில் போன். கை காற்றில் ஆடியது, எதையோ விளக்குகிற மாதிரி. வீட்டுக்குத்தான் பேசுகிறார். என்ன சொல்கிறார்? நல்லா போச்சு என்றா? பழைய ஜூனியர் ஒருத்தி பழிவாங்கிட்டா என்றா? எந்த இடத்தில் இருக்கிறேன் நான் இப்போது அவர் கதையில்? நான்காம் மாடியிலிருந்து முகம் தெரியவில்லை, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நெற்றி கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவர் ஏற முடியாமல் பின்வாங்கி, மறுபடி அதே இடத்தில் நின்றார். இப்போது ஒரு இரக்கம் வரும் என்று அவள் நினைத்தாள், வரத்தானே வேண்டும், வயதான மனுஷன், வேகாத வெயில். கொஞ்ச நேரம் அதற்கு இடம் கொடுத்துப் பார்த்தாள். வரவில்லை. பசிதான் வந்தது, வயிற்றைக் கிள்ளுகிற பசி. கேன்டீனுக்கு இறங்கிப் போய்த் தட்டை நீட்டினாள். வத்தக்குழம்பும் சேனைக்கிழங்கு வறுவலும். சோற்றைக் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டாள், எழுந்து போய் இன்னொரு கரண்டி வாங்கிவந்தும் சாப்பிட்டாள்.